தலையெழுத்து இல்லை, காலடி எழுத்து

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நான் செத்துப்போனேன். பெயர்கூட இல்லாமல் செத்துப்போனேன். ஆத்திரம் அதில்தான்.

பதறாதீர்கள், ஆட்டத்தில்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் வாராவாரம் நண்பர்களோடு கணினியில் வேடம் கட்டி ஆடும் ஆட்டம் ஒன்றை நடத்துகிறான். "மாமா, ஒரு ஆள் குறையுது, வர்றீங்களா?" என்று கூப்பிட்டான். சித்தேரி மலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சிக்னல் கிடைக்கிற ஒரே மூலையில் போனைத் தூணில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். திரையில் ஒரு கோட்டை, அதையொட்டி ஒரு சந்தை. எங்கு பார்த்தாலும் வட்ட வட்டமாகக் காய்கள். ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு பெயர். வில்லாளிக்கு ஒரு பெயர், மந்திரக்காரிக்கு ஒரு பெயர், அவள் தோளில் உட்கார்ந்திருக்கும் ஆந்தைக்குக்கூட ஒரு பெயர். என்னுடையதைத் தேடினேன். சந்தை ஓரத்தில் நின்றது. அடியில் எழுதியிருந்தது: 'முதியவர் 2'.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. எங்கிருந்தோ ஓர் அம்பு வந்தது. "முதியவர் 2 காலி" என்றான் மருமகன். அவ்வளவுதான். அடுத்த ஆள் பகடை உருட்டப் போய்விட்டான். ஒருவரும் ஒரு 'அடடா' சொல்லவில்லை. அந்த ஆந்தைக்கு இறக்கையில் அடிபட்டபோது மட்டும் ஐந்து பேர் ஒரே குரலில் அலறினார்கள்.

தம்பி, தங்கச்சி, அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆந்தைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? உருவத்திலா? பலத்திலா? காயின் அடியில் இருந்த எழுத்தில்தான் வித்தியாசம். அதற்குப் பெயர். எனக்கு எண்.

இந்த ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்லச் சொல்ல, பகடை விழுந்தபடி கதை நகரும். 2012-இல் ரோல்20, 2020-இல் ஃபவுண்ட்ரி என்று மென்பொருள்கள் வந்து மேசையைத் திரைக்குள் கொண்டுபோய்விட்டன. திரையில் ஆளுக்குப் பதிலாக நிற்கும் காயை டோக்கன் என்கிறார்கள். நம்மூரில் டோக்கன் என்றால் வேறு. பொங்கல் பரிசு வாங்க ரேஷன் கடையில் கொடுப்பார்களே, அந்தச் சீட்டு. அதிலும் நமக்கு எண்தான்!

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேள். அந்த மென்பொருளில் பெயர் என்பது சும்மா ஓர் அலங்காரம் இல்லை. ரோல்20-இல் ஒரு காயைத் திறந்தால் பெயருக்கு ஒரு பெட்டி இருக்கும். பக்கத்தில் தனித்தனியாக இரண்டு அனுமதிகள்: அந்தப் பெயரை ஆடுபவர் பார்க்கலாமா, அந்தப் பெயரை ஆடுபவர் திருத்தலாமா. இரண்டும் வேறு வேறு! பார்க்கிற உரிமை இருந்து திருத்துகிற உரிமை இல்லாத காய்கள் உண்டு. ஃபவுண்ட்ரியில் பெயரை யாருக்கு, எப்போது காட்டுவது என்பதற்கு மட்டுமே ஆறு வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் காட்டாதே என்பது ஒரு முனை. எல்லோருக்கும் எப்போதும் காட்டு என்பது மறுமுனை. ஒரே மாதிரி காய்களை வரிசையாக இறக்கினால் எண்ணும் தானாகவே ஒட்டிக்கொள்ளும்படி வைக்கலாம். குட்டிப் பூதங்களான கோப்ளின்கள் என்றால்: கோப்ளின் 1, கோப்ளின் 2, கோப்ளின் 3. நடத்துபவருக்கு அது வசதி. யாருக்கு எவ்வளவு உயிர் பாக்கி என்று கணக்கு வைக்க வேண்டுமே.

வசதிதான். குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வசதி யாருடையது? எண் போடுகிறவனுடையது. எண்ணைச் சுமக்கிறவனுக்கு அதில் ஒரு பைசா லாபம் கிடையாது.

இந்த ஆட்டத்தில் ஊறியவர்கள் ஒரு வேடிக்கையைச் சொல்வார்கள். கத்தியை ஓங்கிய வீரன், வெட்டுவதற்கு முன்னால் விளையாட்டாக, "உன் பேர் என்னடா?" என்று ஒரு கோப்ளினிடம் கேட்டுவிடுவான். நடத்துபவர் திருதிருவென்று விழிப்பார். அவர் கையில் '3' மட்டும்தான் இருக்கும். அவசரத்துக்கு வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்வார். அவ்வளவுதான், அந்தக் கோப்ளினை அதற்குமேல் யாராலும் வெட்ட முடியாது. அதற்கு ஒரு குடும்பம் முளைக்கும், பசி முளைக்கும், அடுத்த வாரம் அது இவர்களோடு சேர்ந்து நடக்கும். ஒரு பெயர் கத்தியை நிறுத்திவிடுகிறது!

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று வாய் பிளக்காதே. தருமபுரி, சேலம் பக்கத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பழைய சரக்கு. இரண்டு பேர் திரை பிடித்து நிற்பார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, திரைக்குக் கீழே சலங்கைக் கால். உள்ளிருந்து விருத்தம் எழும்பும். கட்டியக்காரன் ஓடிவந்து, வந்திருப்பது யார், எந்த நாடு, என்ன பெயர் என்று கேட்பான். கேட்பதோடு அவன் வேலை முடிந்தது. பதிலை அவன் சொல்ல மாட்டான். வேடம் கட்டியவன்தான் சொல்ல வேண்டும். நெஞ்சு விம்மச் சொல்ல வேண்டும். துரியோதனன் அநியாயக்காரன்தான், இருக்கட்டும். ஆனாலும் தன் பெயரையும் குலத்தையும் தன் வாயாலேயே சொல்லாமல் அவன் சபைக்குள் கால் வைப்பதில்லை.

உன்னைக் கேட்கிறேன். உன் சபைக்குள் நீ எப்படி நுழைகிறாய்? கல்லூரியில் முதல் நாள், வேலைக்குப் போன முதல் நாள், "யார் நீ?" என்று கேட்டபோது பதில் சொன்னது நீயா, கட்டியக்காரனா?

என் கதையைச் சொல்கிறேன். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அப்பா சொன்ன பெயரைத் தன் காதில் விழுந்தபடி ஒருவர் ரிஜிஸ்டரில் எழுதினார். பிறந்த தேதி கேட்டார். சாமை அறுக்கிற காலம் என்றார் அப்பா. அவர் ஜூன் 1 என்று போட்டார். அந்த வருடம் அவர் சேர்த்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஜூன் 1. அறுக்கிற காலத்தில் பிறந்தவனை விதைக்கிற காலத்தில் பிறக்க வைத்துவிட்டார்! எழுத்துப் பிழையோடு ஒரு பெயர், பொய்யாக ஒரு பிறந்தநாள். முப்பது வருடம் அதைச் சுமந்தேன். 'அவர்கள் எழுதிவிட்டார்கள், இனி என்ன செய்ய' என்று சுமந்தேன். தலையெழுத்து என்று சுமந்தேன். பெயரைத் திருத்தத் தமிழ்நாடு அரசிதழ் இருக்கிறது, முறைப்படி விண்ணப்பித்தால் புதிய பெயர் அச்சாகி வரும், அதைக் காட்டி ஆவணங்களில் பெயரைத் திருத்தக் கேட்கலாம் என்று ஒருவர் சொன்ன அன்றுதான் விழித்தேன். திருத்துகிற அனுமதி முப்பது வருடமும் என்னிடமே இருந்திருக்கிறது. நான் பெட்டியைத் திறந்து பார்க்கவே இல்லை.

நம் மலையைப் பார். சித்தேரி என்ற பெயரே யாரோ ஒட்டிய ஒரு சீட்டுதான். சிற்றப்பன் சித்தப்பன் ஆன மாதிரி சிற்றேரி சித்தேரி ஆகியிருக்க வேண்டும். அறுபதுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் சிதறிக் கிடக்கிற ஒரு மலைத்தொடருக்கு, ஒரு சின்ன ஏரியைப் பார்த்துவிட்டு எவனோ வைத்த பெயர். நாம் யார்? மலையாளிகள். மலையில் வாழ்பவர்கள், மலையை ஆள்பவர்கள் என்று பொருள். தமிழ் பேசும் பழங்குடிகள். ஆனால் கீழே இறங்கி அந்தப் பெயரைச் சொல்லிப் பார். "கேரளாவா?" என்பார்கள். நம் பையன்கள் பாதிப் பேர் விளக்கம் சொல்லச் சலித்து, தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். ஆட்டாதே! ஒவ்வொரு முறையும் திருத்து. "கேரளா இல்லீங்க, சித்தேரி. அரூர்ல இருந்து மேல ஏறணும்" என்று சொல். ஆயிரம் முறை என்றால் ஆயிரம் முறை சொல். உன் சீட்டில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவது உன் வேலை. கூச்சம் எதற்கு?

இன்னொரு கொடுமையையும் கேள். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் மாவட்டம் மாவட்டமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. தருமபுரி, சேலம், பழைய வடஆர்க்காடு, தென்னார்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று போகிறது. பழைய கோயம்புத்தூர் அதில் இல்லை. விளைவு என்ன? பிற்பாடு ஈரோடு மாவட்டமாகப் பிரிந்த பகுதியில், பர்கூர் மலையில் இருக்கிற மலையாளி அதே சாமையை விதைக்கிறான், அதே பெயரைச் சொல்கிறான், ஆனால் அவனுக்குப் பழங்குடிச் சான்றிதழ் இல்லை. கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். காய் ஒன்றே, கட்டம் மாறினால் அடியில் உள்ள எழுத்து மறைந்துவிடுகிறது. சான்றிதழை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாயே தம்பி, அதற்காகப் பக்கத்து மலையில் ஒருவன் தலைமுறையாக அலைகிறான் என்பது தெரிந்துதான் அந்தச் சான்றிதழால் கிடைத்த கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டாயா?

இப்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பேச வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறேன்.

நம் மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் நுழைந்தன. ஒரு முழு ஊருக்கும் ஒரே சீட்டை ஒட்டினார்கள்: கடத்தல்காரர்கள். குழந்தைக்கும் அதே சீட்டு, கிழவிக்கும் அதே சீட்டு. அந்தச் சீட்டை ஒட்டிய பிறகு எதையும் செய்யலாம் என்று ஆகிவிட்டது. வீடுகளை இடித்தார்கள், பண்டபாத்திரங்களை நொறுக்கினார்கள், பதினெட்டுப் பெண்களைச் சீரழித்தார்கள், பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

ஊர் என்ன செய்தது? எங்கள் தலையெழுத்து என்று உட்கார்ந்துவிட்டதா? இல்லை! தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் பக்கத்தில் நின்றது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. நேற்றுவரை அதிகாரியைக் கண்டால் வரப்பை விட்டு இறங்கி நின்ற பெண்கள், அணிவகுப்பில் நின்ற ஆட்களை நேருக்கு நேர் பார்த்துக் கை நீட்டினார்கள்: இவன், இவன், இவன். கோப்ளின்களாக எண்ணப்பட்டவர்கள், சீருடைக்குள் ஒளிந்திருந்தவர்களை ஆள் ஆளாக அடையாளம் காட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023-இல், அதே செப்டம்பர் 29-இல், சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒரு சீட்டைக் கிழித்து, அதை ஒட்டியவன் மேல் சரியான சீட்டை எழுத, முதல் தீர்ப்பு வரைக்குமே, ஓர் ஊருக்குப் பத்தொன்பது வருடம் ஆனது. எழுதினார்கள்.

அந்தப் பெண்களின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. எழுதக் கூடாது என்பது சட்டம். பெயரை மறைப்பதும் பெயர் இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. மென்பொருளில் 'ஒருவருக்கும் காட்டாதே' என்று ஒரு வழி உண்டு என்றேனே, அந்தப் பெட்டிக்குள் பெயர் இருக்கிறது, முழுதாக இருக்கிறது, அதைக் காக்கத்தான் மூடி. 'முதியவர் 2'-இன் பெட்டிக்குள் ஒன்றுமே கிடையாது.

கணினியெல்லாம் நேற்றையது. காயில் பெயர் எழுதுவதில் நம் பாட்டன்மார்களை மிஞ்ச ஆள் இல்லை. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்கள் வரிசையாக நிற்கும். ஒரு பலகைக் கல், அதில் வில்லோ வாளோ ஏந்திய ஓர் உருவம், பக்கத்தில் இன்னார் மகன் இன்னான், இதற்காக விழுந்தான் என்று எழுத்து. ஆநிரை காக்கப் போய் விழுந்தவர்கள் நிறையப் பேர். சக்கரவர்த்திகள் அல்ல, மாடு காத்தவர்கள்! அரண்மனையில் எண்ணாக மட்டும் இருந்திருக்கக்கூடியவர்களுக்கு ஊர் பெயர் வெட்டி வைத்தது. இந்தக் கல்லைத்தான் நம் பக்கம் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். எழுத்தைப் படிக்க ஆள் இல்லாமல் போன பிறகு எல்லா வீரனுக்கும் ஒரே பொதுப்பெயராக வேடியப்பன் நின்றுவிட்டது. அதுவும் ஒரு நஷ்டம்தான். ஆனால் அந்தப் பெயர் அழியவில்லை. இன்றைக்கும் நம் பக்கத்து வாக்காளர் பட்டியலை எடுத்துப் பார், எத்தனை வேடியப்பன், எத்தனை வேடி என்று.

எல்லா நடுகல்லிலும் எனக்குப் பிடித்தது திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் இருக்கிற கல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சி ஆண்டு. ஏறக்குறைய 1,400 வருடத்துக்கு முன்னால். கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கப் போய் விழுந்தான். கல்லில் அவன் காலருகே ஒரு நாய் நிற்கிறது. அந்த நாய்க்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து, எசமான் பக்கத்தில் காத்து நின்றதாம்.

கவனி. கல்லில் நாய்க்குப் பெயர் இருக்கிறது. அந்தக் கள்ளர் இரண்டு பேருக்கும் பெயர் இல்லை. இரண்டு கள்ளர், அவ்வளவுதான். அன்றைக்கே கோப்ளின் 1, கோப்ளின் 2!

ஏன் அப்படி? நாய்க்குப் பட்டம் இருந்ததா, பரம்பரை இருந்ததா? ஓடியிருக்கலாம். எசமான் விழுந்த பிறகு எந்த நாயும் ஓடும். ஓடவில்லை. நின்றது. நின்ற இடம்தான் அதன் பெயர்ப்பலகை. கல்தச்சன் அதைப் பார்த்துவிட்டு உளியை எடுத்தான். உனக்குப் பெயர் வேண்டுமா? எதன் பக்கத்தில் நிற்கப்போகிறாய் என்று முதலில் முடிவுசெய். படித்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனியில் நில், பெங்களூரில் நில், சாமைக் கொல்லையில் நில், எங்கே வேண்டுமானாலும் நில். ஆபத்து வரும்போது முதலில் நகர்கிற கால் உன்னுடையதாக இருக்கக் கூடாது.

அப்புறம், தலையெழுத்து பற்றி ஒரு வார்த்தை. பிரம்மன் மண்டையோட்டில் எழுதிவிட்டான், அழிக்க முடியாது, படிக்கவும் முடியாது என்று சொல்லிச் சொல்லியே நம்மை உட்கார வைத்தார்கள். அந்த ஆட்டத்துத் திரையை உற்றுப் பார்த்தேன். அங்கே பெயர் தலைக்கு மேலே இல்லை. காயின் அடியில், காலடியில் இருக்கிறது. தலையில் எழுதியதை நீ படிக்க முடியாது, சரி. காலடியில் எழுதியதைக் குனிந்தால் படிக்கலாமே! கை எட்டுமே! கால் கட்டைவிரலாலேயே அழித்துவிடலாமே! 'மலைக்காரப் பசங்க', 'கோட்டாவில வந்தவன்', 'இங்கிலீஷ் வராதவ' என்று எவன் எவனோ எழுதி வைத்துவிட்டுப் போனதெல்லாம் உன் காலடியில்தான் கிடக்கிறது. அதன்மேல்தான் நீ நின்றுகொண்டிருக்கிறாய். குனி. அழி. எழுது.

எழுதும்போது கஞ்சத்தனம் வேண்டாம். முழுப் பெயரை எழுது, தமிழில் எழுது, அம்மா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து எழுது. எழுதி முடித்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிற காயைப் பார். அதன் அடியில் எண் இருந்தால், உன் பேர் என்ன என்று கேள். விடுதியில் உனக்குச் சோறு போடுகிறவர், பஸ்ஸில் கடைசி சீட்டில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறவர், உனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த புதுப் பையன், எல்லோரையும் கேள். பெயர் கிடைத்த திமிரில் அடுத்தவனுக்கு எண் போடுகிறவனை நான் மனிதனாக மதிப்பதில்லை.

நான் செத்த மறுநாளே மருமகனுக்குப் போன் போட்டேன். "டேய், முதியவர் 2-ன்னு எழுத உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "சாரி மாமா. அவசரத்துல போட்டுட்டேன். புதுக் காய் ஒண்ணு தர்றேன். பேர் பெட்டி காலியா இருக்கு, எடிட் உரிமை உங்களுக்கே குடுத்துட்டேன். நீங்களே போட்டுக்குங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே திண்ணை மூலையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினேன்: கோவிவன்.

"இது என்ன மாமா பேரு? கேள்விப்பட்டதே இல்லையே?"

"ஒரு நாயோட பேருடா. ஆயிரத்து நானூறு வருஷமா கல்லுல இருக்கு."

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஓடிவிட்டன. கோவிவன் இன்னும் உயிரோடு இருக்கிறான்.